மஞ்சள் துணி கட்டிய கல்

அந்தக் குளத்துக்குப் போகும் வழியை நான் சொல்லப்போவதில்லை. ஒரு காலத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலக லிஃப்டில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால், பினாங்கு மலையின் ஏதோ ஒரு மடிப்பில், டுரியான் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கிய பிறகு முக்கால் மணி நேரம் ஏறினால் வரும் என்பேன். அந்த மலையில் மடிப்புகளுக்கா பஞ்சம்.

குளம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் கசிந்து, ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்குத் தேங்கி, மறுபக்கம் வழிந்து ஓடையாகக் கீழே இறங்கிப் போகிறது. முழங்கால் ஆழம். அடியில் மணல், மணலில் காக்காய்ப்பொன் துகள்கள். காலை பத்தரை மணி வாக்கில் வெயில் இலைகளுக்கு நடுவே ஒரு பாதை கண்டுபிடித்து உள்ளே விழும். அப்போது குளத்தின் தரை முழுக்க மெல்ல மெல்ல மினுங்கத் தொடங்கும். கால் மணி நேரம்தான். பிறகு வெயில் நகர்ந்துவிடும், அது மறுபடியும் சாதாரணக் குளமாகிவிடும்.

வெடிப்பின் ஓரத்தில் நண்டுகள் இருந்தன. பெருவிரல் நகம் அளவு, பழுப்பு நிறம், கால் மூட்டுகளில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு. ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அசைந்தால் போயிற்று, இன்னொரு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் ஒழுங்காக உட்காரத் தெரியாத பிள்ளை என்று பள்ளியிலிருந்தே பெயர் வாங்கியவள் நான். அந்த நண்டுகளுக்காக நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

வாரத்தில் ஐந்து நாள் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் பிரிவு. சன்னல் இல்லாத அறை, எப்போதும் ஒரே குளிர், எப்போதும் ஒரே வெளிச்சம். மாலையில் மோட்டாரில் பாலத்தைக் கடந்து சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குத் திரும்பும்போது எதிரே மலை தெரியும். அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். ஹெல்மெட்டுக்குள் நான் பேசிக்கொண்டே வருவேன்: இந்த நேரத்துக்கு நண்டெல்லாம் வெளியே வந்திருக்கும், லோத்தோங் குரங்குகள் தூங்க மரம் தேடிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமைகளில் கூட வருபவள் என் தோழி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் அவளுடைய வாப்பாவுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. அவள் வந்தால் டிபன் டப்பாவில் சோறும் கோழியும் வரும். தின்று முடித்ததும் டப்பாவை மூடிப் பையில் வைத்துவிடுவாள். எலும்பைக்கூட விட்டுவிட்டு வர மாட்டாள். "காட்டுல போட்டா மக்கிப் போயிரும்லா" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "மக்குறதுக்கு முன்னாடி குரங்கு வந்து தின்னும். அடுத்த வாரம் உன் பைய புடுங்கும். எங்க கடைப் பூனைய பார்த்திருக்கேல்ல" என்றாள்.

பிறகு குளம் பிரபலமாயிற்று. என்னைப்போல் லிஃப்டில் சொல்லித் திரிந்தவர்கள் இன்னும் பலர் இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம். திங்கட்கிழமை பொது விடுமுறையாக வந்தால் நான் போய்ப் பார்ப்பேன்: மீ நூடுல்ஸ் கோப்பைகள், நுரைப்பெட்டிகள், ஈரத்தாள்கள், பாறைமேல் கரி. வெடிப்புக்குள் யாரோ ஒரு போத்தல் மூடியை அழுத்திவைத்திருந்தார்கள். அதை எடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. நானும் தோழியும் பிள்ளையார் எறும்பு மாதிரி மூட்டை மூட்டையாகக் கீழே சுமந்தோம். அடுத்த வாரம் அதே அளவு.

அலுவலகத்தில் ஒரு அறிவிப்பு அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மூன்று மொழியில் கொண்டுபோய் வைத்தேன். 'நீங்கள் கொண்டுவந்ததை நீங்களே கொண்டுபோங்கள்.' மலாயில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டேன். சீனத்துக்கு ஒரு சக ஊழியரைப் பிடித்தேன். அடுத்த வாரம் போனால், அதைக் கரி விசிற எடுத்திருக்கிறார்கள். ஓரங்கள் உருகி, கோழிக் கொழுப்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

தோழி அதைத் தூக்கிப் பார்த்து, "நல்லா காத்து வந்திருக்கும். அளவு சரியா இருக்கு" என்றாள்.

அன்றைக்கு இறங்கும்போதுதான் அதைக் கவனித்தேன். மலையடிவாரத்தில், தோட்டப் பாதை தார்ச்சாலையில் சேரும் இடத்தில் ஒரு அரசமரம். அடியில் ஒரு கல். கல்லுக்கு மஞ்சள் துணி, குங்குமம். யார் வைத்தது, எந்தச் சாமி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முனீஸ்வரன் என்பார்கள் சிலர். லாரி ஓட்டுபவர்கள் அந்த இடத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் சாலையோரம் முழுக்கக் குப்பை. இந்தப் பக்கமும் குப்பை. மரத்தடியில் மட்டும் ஒரு காகிதத் துண்டு இல்லை. கண்ட இடமெல்லாம் துப்பும் மனிதர்கள்கூட அங்கே வந்ததும் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

நான் நின்றுவிட்டேன். எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் கால் நின்றுவிடும்.

"வேணாம்," என்றாள் தோழி.

"நான் இன்னும் எதுவுமே சொல்லலையே."

"உன் மூஞ்சி சொல்லுது. வேணாம்டி."

அடுத்த சனிக்கிழமை அம்மாவின் பூசை அலமாரியில் மடித்துவைத்திருந்த மஞ்சள் துணியில் ஒரு முழம் கிழித்தேன். மஞ்சள் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி, குங்குமம் ஒரு சிட்டிகை. குளத்தின் தலைமாட்டில், வெடிப்புக்குச் சற்று மேலே, உட்கார்ந்த ஆள் மாதிரி ஒரு கல் இருந்தது. இடுப்பளவு உயரம். துணியைச் சுற்றினேன், மஞ்சள் பூசினேன், பொட்டு வைத்தேன். தோழி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரங்களைப் பார்த்தாள்.

"நீ செய்யுறது எதுவும் எனக்குத் தெரியாது. நான் குருவி பார்க்குறேன்."

"அங்க குருவியே இல்ல."

"அதான் தேடிக்கிட்டிருக்கேன்."

அது வேலை செய்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அடுத்த வாரம் குப்பை பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. கரி இல்லை, சத்தம் இல்லை. வருபவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து மெதுவாகப் பேசிவிட்டு இறங்கினார்கள். அந்த இரண்டு மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் கனவு போலத்தான் இருக்கிறது. லோத்தோங் கூட்டமொன்று குளத்துக்கு மேலேயே வந்து தங்கியது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட, எதற்கோ வருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் முகங்கள். அவற்றில் ஒரு தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி, பழுத்த மாம்பழ நிறத்தில். தாய் கிளை தாவும்போது அந்த நிறம் மட்டும் பச்சைக்குள் மிதந்துபோகும். ஒருநாள் குபோங் ஒன்றைப் பார்த்தோம். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கையையும் காலையும் சேர்த்துத் தோல் விரித்துக் காற்றில் சறுக்கும் பிராணி. எங்கள் கண்முன்னே அது மரத்தை விட்டது. விழவில்லை, பறக்கவுமில்லை. காற்று அதைக் கையில் வாங்கி அடுத்த மரத்தில் வைத்த மாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொள்ளவில்லை. நான் பேசாமல் இருந்ததைத் தோழி பிறகு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் மாதம் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

கல்லின் முன்னால், குங்குமம் வைத்து, இரண்டாக அறுத்து. சரி, ஒன்றுதானே என்று எடுத்துப் பையில் போட்டேன். அடுத்த வாரம் ஐந்து. பிறகு ஊதுபத்தி, அதன் அட்டைப்பெட்டி, பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாள். சுருட்டு. கறுப்புப் பீர் போத்தல், சாமிக்காகத் திறந்து வைத்தது. பால் பாக்கெட். எவரோ ஒரு சிவப்புப் பெட்டி கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, மூன்று குட்டிக் கோப்பைகளில் தேநீர் ஊற்றி, சந்தனக் குச்சிகள் நட்டிருந்தார்கள். சீனர்கள் கும்பிடும் காவல் தெய்வத்துக்கும் அந்தக் கல் பிடித்துப்போயிருக்கிறது. ஒருநாள் கல்லின் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. முகப்பவுடர் தடவியிருந்தார்கள். பவுடர் காயும்போது கல்லில் நம்பர் தெரியுமாம், நாலு இலக்கம், லாட்டரிக்கு.

"தெரிஞ்சா எனக்கும் சொல்லு," என்றாள் தோழி. ஆனால் அவள் சிரிக்கவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்மேல் விளக்கு எண்ணெய்ப் படலம். வானவில் நிறத்தில் மெதுவாகச் சுழன்றது. அழகாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். பால் ஊற்றிய இடத்தில் மணல் புளிப்பு வாடை அடித்தது. அன்று நாங்கள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு நண்டுகூட வரவில்லை.

குப்பை போடாதவர்கள்தான் இவர்கள். அவர்கள் கண்ணுக்கு அது குப்பையே இல்லை, படையல். ஞாயிற்றுக்கிழமைக் கோழி சுட்டவர்களிடம் கோபப்பட முடிந்தது. இவர்களிடம் எதைச் சொல்லிக் கோபப்படுவது? செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்கள். என் மஞ்சள் துணியை நம்பி வருகிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை, மலையேறுபவர்களின் கைப்பேசிக் குழுவில் செய்தி வந்தது. குளத்துச் சாமிக்கு மேடை கட்டுகிறோம். ஏறுபவர்கள் ஆளுக்கு ஒரு செங்கல் எடுத்து வரவும். அடிவாரத்து அரசமரத்தடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு காலை சிமெண்ட் பூசப்படும். கூட ஒரு படம். மேடை எங்கே வரும் என்று கோடு போட்டுக் காட்டியிருந்தார்கள். கோடு வெடிப்பின்மேல் போனது. தண்ணீர் வெளியே வரும் அதே வாயின்மேல்.

இந்த மலையில் அது பழைய வழக்கம். மேலே தேநீர்க் கொட்டகைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீரையும் சர்க்கரையையும் படிக்கட்டுக் கற்களையும் ஏறுபவர்களே ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்து சேர்க்கிறார்கள். நானும் சுமந்திருக்கிறேன். நல்ல வழக்கம். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. இவர்கள் சொன்னால் செய்து முடிப்பார்கள்.

தோழிக்குப் போன் செய்தேன்.

"வனத்துறைக்குச் சொல்லலாமே," என்றாள்.

"அவங்க வந்து அபராதம் போட்டா? துணி கட்டினது நான். மாட்டிக்கிறது செங்கல் தூக்கினவங்களா?"

"அப்ப என்ன செய்யப்போறே?"

"சாமி கனவுல வந்து மேடை வேணாம்னு சொன்னுச்சுன்னு சொல்லிடலாம்னு..."

அவளுக்குப் பின்னால் கடையில் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரம் இன்னொருத்தர் கனவுல வந்து கோபுரம் வேணும்னு கேட்டா என்ன செய்வே?"

சனிக்கிழமை காலை அவளுக்குக் கடையில் வேலை. தனியாக ஏறினேன். டுரியான் தோட்டத்தின் வலைகளைத் தாண்டியதும் முன்னால் ஒரு அக்கா போய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். துணிப்பையில் இரண்டு செங்கல். பத்தடிக்கு ஒருமுறை பையைத் தோள் மாற்றினார்.

"ஒண்ண குடுங்கக்கா, நான் தூக்குறேன்."

"வேணாம்மா. வேண்டுதல். நானேதான் தூக்கணும்."

"என்ன வேண்டுதல்?"

சொல்லிக்கொண்டே ஏறினார், மூச்சு வாங்கும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி. அவரும் தொழிற்சாலை. பதினோரு வருடமாக இரவு ஷிஃப்ட். பகலில் தூக்கம் வராது. "படுத்தா மேல் வீட்டுல நாற்காலி இழுப்பாங்க. கீழ மோட்டார் சத்தம். கண்ண மூடினா உள்ளுக்குள்ள மெஷின் ஓடும். மாத்திரை போட்டுப் பார்த்தாச்சு. பக்கத்து வீட்டு அக்காதான் ஒருநாள் இங்க இழுத்துட்டு வந்தாங்க. கும்பிட்டுட்டு அந்தக் கல்லு பக்கத்துல சும்மா உக்காந்தேன். அவ்வளவுதான் தெரியும். எந்திரிச்சப்ப ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. எறும்பு கடிச்சதுகூட தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அன்னிலேர்ந்து வாரா வாரம் வந்து தூங்குறேன். அவருக்கு ஏதாச்சும் செய்யணும்ல. மேடை கட்டலாம்னு குழுவுல போட்டது நான்தான்."

தண்ணீர் போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

குளத்தருகே செங்கற்கள் அழகாக அடுக்கியிருந்தன. எண்பது தொண்ணூறு இருக்கும். அக்கா தன் இரண்டையும் மேலே வைத்தார். கல்லின் முன்னால் கண்மூடி நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன். சில்வண்டுகள் ஒன்றாகக் கத்தி ஒன்றாக நிறுத்தின. அந்த இடைவெளியில் வெடிப்பிலிருந்து தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. நீண்ட வாக்கியம் ஒன்றை யாரோ முடிக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பதைப்போல.

"அக்கா, அந்தத் துணிய கட்டினது நான்."

"எப்ப, போன வாரமா? பழசு கிழிஞ்சிருச்சா?"

"இல்லக்கா. மொத மொதல்ல. அதுக்கு முன்னாடி இது வெறும் கல்லு."

அவர் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "நீயா? கனவு கண்டியாம்மா? என்ன சொன்னாரு?"

ஒரு தலையாட்டல் போதும். ஆமாக்கா, கனவுலதான் வந்தாரு, சிமெண்ட் வேணாம், பால் வேணாம், தண்ணிய தண்ணியா விடச் சொன்னாரு. அக்கா நம்பியிருப்பார். குழுவில் அன்றைக்கே போட்டிருப்பார். நண்டுகள் திரும்பியிருக்கும். எல்லாம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"கனவெல்லாம் இல்லக்கா. குப்பை போடுறாங்கன்னு கட்டினேன். சாமின்னு நெனச்சா போடமாட்டாங்கன்னு. துணி எங்க வீட்டுது. மஞ்சள் அம்மாவோட டப்பாவுலேர்ந்து எடுத்தது."

அவர் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகம் மெதுவாக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"படிச்ச புள்ளதானே நீ?"

"ஆமாக்கா."

"நாங்க மேல ஏறி வந்து கும்பிடுறத இங்க உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்க."

"அப்படி இல்லக்கா..."

"எப்படி இல்ல?"

அப்படித்தான் இருந்தது. குங்குமம் வைத்துவிட்டு, என்ன கெட்டிக்காரத்தனம் என்று சிரித்துக்கொண்டே இறங்கினவள் நான். அவர்களுக்கு நம்பத் தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் பயன்படுத்திக்கொண்டேன்.

அக்கா குளக்கரையில் உட்கார்ந்தார். "அப்ப நான் தூங்கினது?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தெரியலக்கா," என்றேன். அதுவும் உண்மை. பிறகு வெடிப்பைக் காட்டினேன். "எனக்கும் இங்கதான் அமைதியா உக்கார முடியுது. இந்தச் சத்தமா இருக்கலாம். மேடை அது மேலதான் வருது. இங்க நண்டு இருந்துச்சுக்கா, இத்துனூண்டு. பால் ஊத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஒண்ணையும் காணோம்."

அவர் குனிந்து, பாறையில் காதை வைத்துக் கேட்டார். கம்மல் பாறையில் உரசியது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

எழுந்து, வெறும் துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஆறு பேரு சிமெண்ட் தூக்கிட்டு வராங்க. நீ வா. எங்கிட்ட சொன்ன மாதிரியே அவங்க முன்னாடி சொல்லு. நான் உனக்காகப் பேசமாட்டேன்."

ஞாயிறு காலை தோழியும் வந்தாள். கேட்காமலே வந்தாள், டிபன் டப்பாவோடு. ஆறு ஆண்கள், மூன்று பெண்கள், அக்கா. சிமெண்ட் மூட்டையைப் பிரித்துச் சின்னச் சின்னப் பைகளில் சுமந்து வந்திருந்தார்கள். சட்டையெல்லாம் வியர்வை, தோளெல்லாம் சாம்பல் நிறம். அவர்கள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதலில் ஒரு அண்ணன் வெடித்தார். "ரெண்டு மணி நேரம் தூக்கிட்டு வந்திருக்கோம். இத கீழயே சொல்லியிருக்கலாம்ல? அடிவாரத்துல வாய் இல்லையா உனக்கு?"

"உங்களுக்கு முன்னாடியே மேல ஏறி வந்துட்டேண்ணே. பயமா இருந்துச்சு."

"இப்ப மட்டும்?"

"இப்பவும்தான்."

இன்னொருவர், கொஞ்சம் நிதானமானவர், கல்லைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "யாரு கட்டினா என்ன லா. வரணும்னு இருந்திருக்கு, இந்தப் புள்ள கையால வந்திருக்கு" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒரு பெண் "எனக்கு வேலை கெடைச்சுதே" என்றார். எல்லோரும் ஒன்றாகப் பேசத் தொடங்கினார்கள். நான் செய்தது எல்லை மீறியது என்பதில் மட்டும் ஒற்றுமை இருந்தது. மேடை விஷயத்தில் இல்லை. ஒருவர் ஏற்கெனவே சிமெண்ட் பூசும் கரண்டியை எடுத்துவிட்டார்.

அக்கா எழுந்துபோய்ச் செங்கல் குவியலிலிருந்து இரண்டை எடுத்துத் தன் பையில் போட்டார்.

"நான் தூக்கிட்டு வந்தத நான் எறக்குறேன். மேடை வேணும்னு கேட்டது நான்தான், எனக்கு இப்ப வேணாம். சிமெண்ட் போட்டா தண்ணி சத்தம் போயிரும். சத்தம் போனா எனக்குத் தூக்கம் போயிரும். யாருக்காச்சும் வேணும்னா கட்டிக்குங்க. ஆனா காத வெச்சுக் கேட்டுட்டுக் கட்டுங்க."

யாரும் காதை வைக்கவில்லை. ஆனால் கரண்டி எடுத்தவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதைக் கீழே வைத்தார். வெடித்த அண்ணன் சிமெண்ட் பையைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார்.

"இத மறுபடியும் கீழயா?"

"அரசமரத்துச் சாமிக்குப் படி ஒடஞ்சு கெடக்கு," என்றார் நிதானமானவர். "அங்க போடலாம்."

"இத அங்கேயே சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, என்னைப் பார்த்து, மீதியை விழுங்கிக்கொண்டார்.

துணியை அவிழ்க்க யாரும் முன்வரவில்லை. கும்பிட்ட கையால் எப்படி அவிழ்ப்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனேன். முடிச்சு மழையில் இறுகிப்போயிருந்தது. கட்டும்போது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மனதுக்குள், மன்னிச்சிருங்க என்று சொன்னேன். கல்லிடமா, பின்னால் நின்றவர்களிடமா என்று இன்றைக்கும் தெரியாது. மஞ்சளையும் பவுடரையும் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், குளத்தில் விழாமல், காய்ந்த துணியால் துடைத்தேன். கறை முழுக்கப் போகவில்லை. சிவப்புப் பெட்டியைத் தொடவில்லை. அதற்கு உரியவர்களைத் தேடிக் கேட்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் அவர்களே வந்து மரியாதையாக எடுத்துப்போனார்கள்.

தோழி டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தாள். வெடித்த அண்ணன் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கோழிக்கால் எடுத்துக்கொண்டார். எலும்பை எங்கே போடுவது என்று பார்த்தவரிடம் அவள் மூடியை நீட்டினாள்.

சிமெண்ட் அன்றைக்கே இறங்கிவிட்டது. செங்கற்களை இறக்க எனக்குப் பல சனிக்கிழமைகள் பிடித்தன. தடவைக்கு நான்கு, சில நாள் ஆறு. செங்கல்லோடு ஏறுபவர்களைப் பார்த்திருந்த மலையேறிகள், செங்கல்லோடு இறங்கும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். கேட்டவர்களிடம் முழுக்கதையும் சொன்னேன். சிலர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு செங்கல்லை வாங்கித் தங்கள் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். சிலர் திட்டினார்கள். எலுமிச்சம்பழம் இன்னும் எப்போதாவது வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைகளும் திரும்பி வந்தன, முன்பளவு இல்லை என்றாலும். இப்போது கோழி சுடுபவர்கள் வந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். அறிவிப்பு எழுதுவதைவிட அது நேரம் பிடிக்கிறது. என் குணத்துக்கு அது நண்டுக்குக் காத்திருப்பதைவிடக் கடினம்.

அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் வந்தார். கல்லைக் கும்பிடுவதில்லை, அதைத் திரும்பிப் பார்க்காமலும் இருப்பதில்லை. வெறுங்கையோடு வந்து, பாறையில் சாய்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவார். நான் தள்ளி உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் படுக்கும் முன்னால், "பத்தரைக்கு எழுப்பு. ஷிஃப்ட் மாத்திட்டாங்க, மத்தியானம் போகணும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு முழுக்க அது போதுமாக இருந்தது.

கடைசி நான்கு செங்கற்கள் இருந்த சனிக்கிழமை, பையில் அவற்றை அடுக்கிவிட்டுக் குளக்கரையில் உட்கார்ந்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். மேலே லோத்தோங் குட்டி இருந்தது. மாம்பழ நிறம் போய்ச் சாம்பல் ஏறத் தொடங்கியிருந்தது. வெயில் தன் பாதையைக் கண்டுபிடித்து உள்ளே விழுந்தது. மணல் மினுங்கத் தொடங்கியது. வெடிப்பின் இருட்டிலிருந்து ஒரு கால் வந்தது, மூட்டில் ஆரஞ்சு. கொஞ்சம் யோசித்தது. இன்னொரு கால். பிறகு நண்டு முழுதாக வெளியே வந்து, வெளிச்சத்தின் ஓரத்தில் நின்றது.

மணி பத்தரை தாண்டியிருந்தது. அக்காவை எழுப்ப வேண்டும். அசைந்தால் அது உள்ளே போய்விடும். நான் மெதுவாக, மிக மெதுவாகக் கையை நீட்டி அவர் தோளைத் தொட்டேன். அவர் கண் திறந்தார். நான் பேசவில்லை, கண்ணால் காட்டினேன். படுத்தபடியே பார்த்தார்.

"இத்துனூண்டா," என்றார், உதடு மட்டும் அசைய.

அன்று அவர் வேலைக்குத் தாமதமாகத்தான் போயிருக்க வேண்டும். இறங்கும்போது, கேட்காமலே, என் பையிலிருந்து இரண்டு செங்கல்லை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கல்லில் இன்னும் லேசாக மஞ்சள் கறை இருக்கிறது. குளத்தைச் சுற்றி வர அதன்மேல் ஏறிப் போவதுதான் சுலபம். தோழி ஏறிக் குதித்துவிடுவாள். நான் இன்றைக்கும் சுற்றிக்கொண்டு, பிரம்பு முள்ளில் கையைக் கீறிக்கொண்டுதான் போகிறேன்.